வட்டத்துக்குள் ரோசாவின் கால்

புதுச்சேரியில் பெத்தாங் ஆடுகிறவர்கள் யாரிடமாவது ரோசாவின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். முதலில் ஒரு சிரிப்பு வரும். பிறகு, "கால் ரோசாவா?" என்று கேட்பார்கள். அந்தப் பட்டப்பெயர் அவளுக்குத் தன் காலால் வந்ததல்ல, அடுத்தவர் கால்களால் வந்தது.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தரையில் ஒரு சின்ன வட்டம் கீறி, அதற்குள் இரண்டு காலையும் ஊன்றி நின்று இரும்புப் பந்தை எறிய வேண்டும். தூரத்தில் ஒரு குட்டி மரப்பந்து கிடக்கும். அதற்கு யாருடைய பந்து கிட்டப் போய் நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. எறிந்த பந்து மண்ணில் விழும்வரை வட்டத்துக்குள் இருக்கும் பாதம் அசையக் கூடாது, குதிகால் எழும்பக் கூடாது. எழும்பினால் பந்து செல்லாது. தினப்படி சாயங்கால ஆட்டத்தில் இதையெல்லாம் யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. ரோசா பார்ப்பாள். எட்ட நின்று சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "கால்" என்று ஒரே ஒரு சொல் சொல்வாள். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய வீட்டுக்காரர் ஜோசப் ஆனந்த் ஒரு போட்டியில் கடைசிப் பந்தை எறிந்து, ஜெயித்துவிட்டோம் என்று கையை உயர்த்தியபோதும் அந்தச் சொல் வந்தது. இரண்டு நாள் அவர் வீட்டில் பேசவில்லை. மூன்றாம் நாள் வஞ்சிரக் குழம்பு வாசனைக்குத் தாமாகவே தட்டோடு வந்து உட்கார்ந்தார். குழம்பை ஊற்றிக்கொண்டே, "தூக்கினது தூக்கினதுதாங்க" என்றாள் ரோசா.

நெல்லித்தோப்பில் பிறந்து, நெல்லித்தோப்பிலேயே வாழ்க்கைப்பட்டவள். வயது இப்போது அறுபத்திரண்டு. சேதராப்பட்டில் ஒரு சோப்புக் கம்பெனியில் இருபத்தேழு வருஷம் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தாள், அத்தனையும் நின்றபடி. முப்பத்தைந்து வயதில் ஒரு நாள், வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று புருஷனைக் கூப்பிட மைதானத்துக்குப் போனவளிடம், விளையாட்டாக ஒரு பந்தைக் கையில் கொடுத்தார்கள். எறிந்தாள். அது உருண்டு போய் மரப்பந்தை முட்டிக்கொண்டு நின்றது. இன்னொன்று கொடுத்தார்கள். அதுவும் போய் நின்றது. அன்றைக்கு வீட்டில் விருந்தாளிகள் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அதிலிருந்து வேலை விட்டு வந்தால் மைதானம்தான். குந்தி உட்கார்ந்து, மண்ணைத் தடவி, தரைக்கு ஒட்டினாற்போலப் பந்தை விடுவது அவள் பாணி. ஆண்களே அந்தப் பாணியைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள்.

பிறகு இடுப்பு தேய்ந்தது. போன வருஷம் ஆகஸ்டில் வலது இடுப்பு மூட்டை மாற்றினார்கள். நான்காம் நாளே வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வருஷக் கணக்கில் உயிரை எடுத்த இடுப்பு வலி போன இடம் தெரியவில்லை. ஆனால் முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கமும் பாதமும் அவளுடையதாக இல்லை. கிள்ளினால் தெரியவில்லை. தெரியவில்லையே என்று இருந்தால், மத்தியானத்தில் அதே பாதம் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரிந்தது. போர்வை பட்டால் எரிந்தது. ஃபேன் காற்றுக்கும் எரிந்தது.

"மரத்துப்போன காலு எப்படிங்க டாக்டர் எரியும்?" என்று கேட்டாள்.

"மூட்டை மாத்தும்போது நரம்பு இழுபட்டிருக்கும்மா. சில பேருக்கு இப்படி ஆவறது உண்டு. அறுந்து போகல, மெதுவா தேறும். அதுவரைக்கும் அது தப்புத் தப்பா சேதி அனுப்பிக்கிட்டுதான் இருக்கும்."

"எத்தினி நாளு?"

"ஒரு வருஷம் ஆகலாம். ரெண்டும் ஆகலாம். பழையபடி முழுசா வரும்னு என்னால உறுதி சொல்ல முடியாது. குந்தி உக்காரவும் கூடாது."

ரோசாவுக்குக் கோபம் வந்தது. டாக்டர் மேல் இல்லை, அவர் உள்ளதைச் சொன்னார். கால் மேல்தான் கோபம். பேக்கிங் லைனில் ஒரு மிஷின் இப்படி இல்லாத பெட்டியை இருக்கிறது என்றும் இருக்கிற பெட்டியை இல்லை என்றும் காட்டினால், அவள் முதல் வேலையாக அதை நிறுத்திவிடுவாள். இந்த மிஷினை நிறுத்தவும் வழியில்லை. கொடுத்த மாத்திரை எரிச்சலைப் பாதியாகக் குறைத்தது, மீதிப் பாதிக்குத் தூக்கத்தைக் கொடுத்தது.

நவம்பரில் ஒரு நாள் பெரிய மார்க்கெட்டுக்குப் போனாள். மீன் வாங்கிக்கொண்டு வெளியே வந்து, தெருமுனை வரை நடந்தும் விட்டாள். பின்னாலிருந்து மீன்காரம்மா ஒருத்தி, "மதாம், ஒத்தைச் செருப்ப எங்க கடை வாசல்லியே வுட்டுட்டுப் போறீங்க" என்று கையில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். குனிந்து பார்த்தால் வலது கால் வெறும் கால். கட்டைவிரலுக்குக் கீழே கண்ணாடிச் சில்லு ஏறி, நடந்து வந்த வழியெல்லாம் ரத்தம். ரோசா அந்த இடத்திலேயே, அத்தனை பேருக்கு நடுவில் அழுதாள். வலித்து அழவில்லை. வலிக்கவில்லையே என்று அழுதாள்.

அடுத்த நாளே பின்னால் வார் வைத்த செருப்பு வாங்கினாள். தினமும் குளித்ததும் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்த்துக்கொண்டாள். பொங்கல் முடிந்த வாரம், பந்துப் பையை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கும் போய்விட்டாள்.

பந்தைக் குனிந்து எடுக்காமலிருக்கக் கயிற்றில் காந்தம் கட்டிக்கொண்டிருந்தாள். அதை வைத்திருந்த கிழவர்களை ஒரு காலத்தில் கேலி செய்தவள் அவள்தான். நின்றுகொண்டு எறிய வேண்டியிருந்தது. முதல் பந்து எங்கேயோ போனது. இரண்டாவதும் மூன்றாவதும் கொஞ்சம் கிட்டே வந்தன. நான்காவது நன்றாகவே போய் விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். கிளப் பொறுப்பில் இருந்த அன்வருதீன், "பாத்தீங்களா, அக்காவோட கை அப்பிடியே இருக்குது" என்றார். ஜானகிராமனும் பக்கத்தில் நின்றிருந்தார். இருபது வருஷத்தில் ரோசாவிடம் அதிகமாக 'கால்' வாங்கியவர் அவர்.

வட்டத்தை விட்டு வெளியே வரும்போது ரோசா தற்செயலாகக் கீழே பார்த்தாள். வலது குதிகால் எழும்பித் திரும்பி, வட்டக் கோட்டையே கலைத்திருந்தது. அடுத்த பந்தை எறிந்து மறுபடி பார்த்தாள். மறுபடியும் கலைந்திருந்தது. நிமிர்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒவ்வொருவரும் வேறு எங்கேயோ பார்த்தார்கள்.

"எங்காலு எந்திரிச்சத யாரும் பாக்கலியா?"

அவள் நேராக ஜானகிராமனிடம் திரும்பினாள்.

"ஜானகிராமா, நீயுமா பாக்கல?"

"வுடுக்கா" என்றார் ஜானகிராமன். "இப்பதான ஆபரேசன் பண்ணிக்கிட்டு வந்திருக்க. சும்மா ஆடேன்."

கண்ணாடிச் சில்லுக்கு வலிக்காதது இதற்கு வலித்தது. பந்துகளைத் துடைக்காமலே பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். வழியெல்லாம் ஜோசப் ஆனந்த் ஸ்கூட்டரை ஓட்டியபடி ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தார். "அவங்க ஒன்னும் தப்பா நெனக்கல ரோசா, எரக்கப்படுறாங்க" என்றார். "அதத்தான் நானும் சொல்றேன்" என்றாள் அவள்.

மறுநாள் காலையில் ரோசா மொட்டைமாடியைப் பெருக்கினாள். ஜோசப் ஆனந்தைப் பழைய இலவம்பஞ்சு மெத்தையை ஒரு கோடியில் விரிக்கச் சொன்னாள். இந்தக் கோடியில் கோலமாவை மெல்லிசாகச் சலித்துத் தூவி, கல்யாணச் சீரில் வந்த தாம்பாளத்தை அவரையே கவிழ்த்து வைக்கச் சொல்லி, துடைப்பக் காம்பால் ஒரு வட்டம் இழுத்தாள். அதற்குள் வெறும் காலோடு நின்று மெத்தையை நோக்கிப் பந்தை எறிந்தாள். எறிந்த பந்தை அவள் பார்க்கவில்லை. மாடியின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வெளியே வந்து, மாவில் பதிந்திருந்த தன் பாதங்களைத்தான் பார்த்தாள். இடது பாதம் ஐந்து விரலோடு அச்சுப்போலப் பதிந்திருந்தது. வலது பாதம் இருந்த இடம் ஈரத்துணியால் இழுத்துவிட்டதுபோல இருந்தது.

கீழ்வீட்டு ஆதிலட்சுமி மூன்றாம் நாளே படியேறி வந்தாள். "மேல என்னாக்கா இடி இடிச்சிக்கிட்டே கீது?" என்று கேட்டவள், மாவில் கிடந்த காலடிகளைப் பார்த்துவிட்டு, "கிருஷ்ண ஜெயந்திக்கு இன்னும் எத்தினி மாசம் கீது, அதுக்குள்ள காலு போட்டுட்டீங்க" என்றாள். ரோசா நெடுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். இன்னொரு மெத்தை ஆதிலட்சுமி வீட்டிலிருந்தே வந்தது.

வலது பாதம் எதையும் சொல்லாது என்பது மாசி மாதத்துக்குள் தெரிந்துபோயிற்று. சரி, வேறு யார் சொல்வார்கள் என்று தேடினாள். முழங்காலுக்கு மேலே உணர்ச்சி நன்றாக இருந்தது. குதிகால் எழும்பும் முன்னால் தொடையின் பின்பக்கச் சதை ஒரு சுண்டு சுண்டுவதைக் கண்டுபிடித்தாள். அது சுண்டாமல் எறிந்தால் மாவில் பாதம் முழுசாகப் பதிந்தது. உடம்பின் பாரத்தை இடது காலில் வைத்து, வலது முழங்காலை அசைக்காமல், தொடையிடம் கேட்டுக் கேட்டு எறிந்தாள். பத்துக்கு இரண்டு பதிந்தது. பங்குனியில் பத்துக்கு ஐந்து. எரிச்சல் அதிகமான நாட்களில் இரண்டு பந்தோடு உட்கார்ந்துவிடுவாள். ஆனால் மாடிக்கு ஏறாத நாள் இல்லை. ஜூன் கடைசியில் பத்துக்கு எட்டு. அந்த எட்டையும் ஜோசப் ஆனந்த் செல்போனில் படம் பிடித்தார். பேரப்பிள்ளை படம் காட்டுவதுபோல எல்லோரிடமும் மாவில் பதிந்த பாதத்தைக் காட்டிக்கொண்டு திரிந்தார்.

ஜூலைப் போட்டிக்குப் பெயர் கொடுக்க ரோசா அன்வருதீனைத் தேடிப் போனாள். அவர் தயங்கினார்.

"ஸ்கோர் எழுத உங்கள விட்டா ஆளு இல்லக்கா. நெழல்ல நாற்காலி போட்டுத் தர்றேன்."

"பாய், நான் ஆடத்தான் வந்தேன். ஒங்க அணியிலியே போடுங்க, தோத்தா என்னத் திட்டுங்க. ஆனா ஒன்னு. எங்காலு எந்திரிச்சா எந்திரிச்சிதுன்னு சொல்லணும். சொல்லலன்னா இந்த மைதானத்துல இனிமே யாருக்கும் நான் கால் சொல்ல மாட்டேன். சொல்ல எனக்கு என்னா யோக்கியத இருக்குது?"

அன்வருதீன் நோட்டைத் திறந்து பெயரை எழுதிக்கொண்டார்.

இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டார்கள். அன்வருதீன், ஜோசப் ஆனந்த், ரோசா ஒரு பக்கம். எதிர்ப்பக்கம் ஜானகிராமன் அணி. பதின்மூன்று புள்ளி எடுத்தவர்களுக்குக் கோப்பை. இரண்டு பக்கமும் பன்னிரண்டில் நின்றது. சாயங்கால வெயில் மைதானத்தில் நீளமாக விழுந்துகிடந்தது. மற்ற எல்லோருடைய பந்தும் தீர்ந்து, ஜானகிராமனின் பந்து மரப்பந்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ரோசாவின் கையில் மட்டும் இரண்டு பந்து. அவள் பாதம் காலையிலிருந்தே எரிந்துகொண்டிருந்தது.

முதல் பந்தை எறிந்தாள். அது உயர எழும்பி, விழுந்து, உருண்டு, மரப்பந்துக்கு இரண்டு விரல் தள்ளி நின்றது. கூட்டம் ஓவென்று கத்தியது. ஜோசப் ஆனந்த் கையை உயர்த்தினார். அன்வருதீன் அவளை நோக்கி ஓடி வந்தார்.

"கால்."

ஜானகிராமனின் குரல் அது. சத்தம் சட்டென்று அடங்கியது. பிறகு, அடங்கியதெல்லாம் அவர் மேல் பாய்ந்தது. "யோவ், மனுசனா நீ" என்றான் ஒருவன். "முடியாத பொம்பளகிட்டப் போயி" என்றான் இன்னொருவன். ஜானகிராமன் முகம் சிவந்து நின்றார். ஆனால் சொன்னதை அவர் திரும்பப் பெறவில்லை.

ரோசா தொடை சுண்டியதை உணர்ந்திருந்தாள். இருந்தாலும் குனிந்து பார்த்தாள். குதிகால் மண்ணைக் கலைத்திருந்தது. அவள் நிமிர்ந்தபோது முகம் முழுக்கச் சிரிப்பு.

"எல்லாரும் சும்மா இருங்கப்பா. காலுதான். சரியாத்தான் சொன்னான். அந்தப் பந்த எடுத்துடுங்க."

எடுத்துவிட்டார்கள். ஜோசப் ஆனந்த் உயர்த்திய கையை இறக்கித் தலையில் வைத்துக்கொண்டார். ரோசா வட்டத்துக்குள் நின்று, கலைந்த மண்ணைச் செருப்பு நுனியால் தடவிச் சமப்படுத்தினாள். இடது காலில் பாரத்தை வைத்தாள். வலது முழங்காலைப் பூட்டினாள். தொடையிடம் கேட்டாள். அது சும்மா இருந்தது. இரண்டாவது பந்தை விட்டாள்.

மொத்தக் கூட்டமும் பந்தின் பின்னால் ஓடியது. இரண்டு பேர் மட்டும் ஓடவில்லை. ரோசா வட்டத்துக்குள்ளேயே நின்றாள். ஜானகிராமன் முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்து அவள் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பந்து மண்ணில் விழுந்த சத்தம் கேட்டது. அப்புறமும் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"கால் சரிக்கா" என்றார்.

அங்கே அளவு நாடாவைப் பிடித்து ஏதோ கத்திக்கொண்டிருந்தார்கள். ரோசாவின் காதில் எதுவும் விழவில்லை. அவள் நெஞ்சு நிறைந்திருந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் பிரான்சிலிருக்கும் மகள் ஜூலிக்கு வீடியோவில் போன் போட்டாள். அங்கே மத்தியானம், ஜூலி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏய் ஜூலி, ஒரு விசயம் கேளு. இன்னிக்கி பைனல்ல நான் போட்ட பந்த ஜானகிராமன் செல்லாதுன்னு தள்ளிட்டாண்டி. எல்லாரு முன்னாடியும் காலுன்னு சொல்லிட்டான். நான் போட்ட பந்த." சொல்லும்போதே குரல் பெருமையில் உயர்ந்துகொண்டே போனது.

ஜூலிக்கு ஒன்றும் புரியவில்லை. "அய்யய்யோ, அப்ப கப்பு போச்சாம்மா?" என்றாள்.

"கப்பா?" ரோசா திரும்பிப் பார்த்தாள். ஜோசப் ஆனந்த் அதை மேசை மேல் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். "அதுவும் வந்துச்சு."