ரெட்டைச் சத்தம் வந்த ஞாயிற்றுக்கிழமை

பேட்டையில் நாங்கள் படம் பார்த்த தியேட்டரில் சத்தம் முதலில் முதுகில்தான் ஏறும். திரைக்குப் பின்னால் நின்ற ஒரே ஒரு பெரிய ஸ்பீக்கர் முழங்கும்போது நாற்காலிப் பலகை அதிரும். வறுத்த கடலையும் பீடிப் புகையும் மணக்கும் அந்த இருட்டில், கதாநாயகன் திரையின் எந்த ஓரத்தில் நின்று பேசினாலும் குரல் மட்டும் நடுவிலிருந்துதான் வரும். அதற்கு மோனோ என்று பெயர் இருப்பது யாருக்குத் தெரியும்? எங்களுக்கு அது சத்தம், அவ்வளவுதான்.

அப்பா தகரப் பெட்டி செய்யும் பட்டறையில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சிக்கு அம்மாவையும் என்னையும் கூட்டிப் போவார். வரிசையின் வலது கடைசி நாற்காலி எப்போதும் அவருக்கு, அடுத்தது எனக்கு, அதற்கடுத்தது அம்மாவுக்கு. அந்த இடம் கிடைக்காவிட்டால் முன்பெஞ்சுக்குக்கூடப் போய்விடுவார். 'ஓரக் கிறுக்கு' என்று நான் கேலி செய்வேன். ரோட்டில் நடக்கும்போதும் அப்படித்தான், அம்மாவைத் தன் இடப்பக்கம் விட்டு, "லாரி வார ரோடு, நீ உள்ள நட" என்பார். இந்த ஒரு விஷயத்தை அம்மா பக்கத்து வீடுகளிலெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தாள்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அந்தத் தியேட்டருக்கு ஸ்டீரியோ வந்தது. இரண்டு பக்கச் சுவர்களிலும் புது ஸ்பீக்கர்களை மாட்டினார்கள். தெருவில் எல்லோரும் அதை 'ரெட்டைச் சத்தம்' என்றார்கள். முதல் வாரமே நாங்களும் போனோம்.

படத்தில் ஒரு பெண் தனியாக நிற்கிறாள், திரையில் வேறு யாருமில்லை. சட்டென்று வலப்பக்கச் சுவரிலிருந்து ஒருவன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். கொட்டகை மொத்தமும் வலப்பக்கம் திரும்பியது, நானும் அம்மாவும் திரும்பினோம். அப்பா மட்டும் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் தன்னைத்தான் பார்க்கிறோம் என்று நினைத்து, "என்னட்டி?" என்று கேட்டார்.

"சத்தம் அங்கன இருந்து வந்துச்சுப்பா" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் படம் பார்க்கவில்லை, எங்களைத்தான் பார்த்தார். நாங்கள் திரும்பினால் ஒரு கணம் கழித்து அவரும் திரும்புவார். அதை நான் கண்டுகொண்டேன். குரங்குப் புத்தி சும்மா இருக்குமா? சத்தமே இல்லாத ஒரு காட்சியில், வேண்டுமென்றே வலப்பக்கச் சுவரை வெடுக்கென்று பார்த்தேன். அப்பாவும் திரும்பிச் சுவரைப் பார்த்து, தலையை ஆட்டி, "ஆமா, நல்லா கேக்கு" என்றார்.

"சத்தமே வரலியேப்பா" என்று நான் கைகொட்டிச் சிரித்தேன். முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அம்மா என் தொடையில் கிள்ளினாள். அப்பா கடலைப் பொட்டலத்தை என் மடியில் வைத்துவிட்டு, படம் முடியும்வரை எந்தப் பக்கமும் திரும்பாமல் இருந்தார்.

அன்று வீட்டுக்கு வந்ததும், அம்மா அவருக்கு வலப்பக்கம் போய் நின்றுகொண்டு மெல்ல, "சாப்பிட வாரியளா?" என்றாள். பதில் இல்லை. இன்னொரு தடவை கேட்டாள். பிறகு இடப்பக்கம் வந்து உட்கார்ந்து, "எத்தன வருசமா?" என்றாள்.

"நீ வாரதுக்கு முன்னாலயே வலது காது போயிட்டு. பட்டறையில பாதிப் பேருக்கு இப்படித்தான். சொன்னா ஒத்தக் காதுக்காரனுக்கு யாரு பொண்ணு குடுப்பா?" என்றார் அப்பா.

"வண்டி என்னைய இடிச்சிரக் கூடாதுன்னுல்லா அந்தப் பக்கம் நடக்கியன்னு நெனச்சேன்" என்றாள் அம்மா.

அதன் பிறகு அவர் தியேட்டருக்குள் வரவே இல்லை. எங்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டு எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். கூப்பிட்டால், "இங்கன இருந்தா எல்லாம் ஒரே சத்தமாத்தான் கேக்கு, நீங்க பாத்துட்டு வாங்க" என்பார். நான் ஒரு நாளும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அது விளையாட்டுத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தத் தியேட்டர் இப்போது சிமெண்டு மூட்டை அடுக்கும் குடோன். டீக்கடையும் இல்லை, அப்பாவும் இல்லை. ஒரு காதில் மட்டும் கேட்பவர்களுக்காக இரண்டு பக்கச் சத்தத்தையும் ஒன்றாக்கித் தரும் வசதி என் கைபேசியிலேயே இருக்கிறது. யாரோ முகம் தெரியாத ஒருவர் அவர்களுக்காக யோசித்திருக்கிறார், பெற்ற மகள் எனக்குத் தோன்றவில்லை.

போன மாதம் என் மகள் என்னைப் புதுத் தியேட்டருக்குக் கூட்டிப் போனாள். அங்கே கூரையிலிருந்துகூடச் சத்தம் வருகிறது. வரிசையின் வலது கடைசி நாற்காலியை விட்டுவிட்டு அடுத்ததில் உட்கார்ந்தேன். "ஏம்மா, அங்க தள்ளி உக்காரலாம்லா?" என்றாள் மகள். வேண்டாம் என்றேன். வலப்பக்கம் சத்தம் வரும்போதெல்லாம் திரும்பினேன். "என்னட்டி?" என்று கேட்க அந்த நாற்காலியில் யாரும் இல்லை.