கதவுக்குப் பின்னால் ஒரு சொல்

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்து என்று ஒன்று இருக்கிறதென்றால் அதற்கு நான்தான் காரணம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், சென்ட்ரிங் பலகை சுமந்து மேஸ்திரி ஆனவன். என் வீடு நீங்கலாகப் பதினெட்டு வீட்டில் பதினைந்துக்குத் தளம் போட்டது என் ஆட்கள். தண்ணீர்க் குழாய் வந்ததும் நான் அலைந்ததால்தான். யாருக்கு என்ன வேண்டுமென்றாலும் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். நான் யார் வாசலுக்கும் போனதில்லை.

அதனால்தான் இந்த விஷயம் எனக்கு அத்தனை வருஷம் தெரியாமலே இருந்தது.

ஊரின் இன்னொரு பக்கம், ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து ஒரு பெண் வந்தாள். காலேஜில் சமூகவியல் படிக்கிறாளாம். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன்.

"ஜனங்க எப்படி ஒண்ணா சேர்றாங்க, எப்படி மாறுறாங்கன்னு படிக்கிறது அங்கிள்."

"இதுக்கு ஒரு படிப்பா? நான் சேர்த்து வெச்சேன், சேர்ந்துட்டாங்க. எழுதிக்கோ."

அவள் சிரிக்கவில்லை. எங்கள் சந்தில் இரண்டு நாளாகத் தட்டியும் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. திங்கட்கிழமைக்குள் பதினெட்டு வீட்டுப் படிவமும் நிரம்பாவிட்டால் அவளுக்கு ஒரு வருஷம் வீண். "நீ வாம்மா, அரை மணி நேர வேலை" என்று கிளம்பினேன்.

காலை பதினொரு மணி. நல்ல வெயில். முதல் கதவைத் தட்டினாள்.

"யாரு?"

அவ்வளவுதான். அப்புறம் சத்தமில்லை. உள்ளே ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றுவிட்டது. "நான்தான், மேஸ்திரி" என்றேன். கதவுக்கு அந்தப்பக்கம் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. தாழ்ப்பாள் அசையவில்லை.

இரண்டாம் வீடு. "யாரு?" அதே இழுப்பு, அதே இடத்தில் நிறுத்தம். முதல் வீட்டில் பேசியது வயதான அம்மா, இங்கே கல்யாணமாகி வந்து ஒரு வருஷமாகாத பெண். ஆனால் ஒரே தொண்டையிலிருந்து வந்த மாதிரி இருந்தது.

மூன்றாம் கதவிலும் அதையே கேட்டதும்தான் எனக்கு நினைவு வந்தது. தொண்ணூற்றொன்றில் காவேரித் தண்ணீர்ச் சண்டையில் இந்த ஊரில் தமிழர்களைத் தேடித்தேடி அடித்த கலாட்டா நடந்தபோது, வீடு வீடாக ஆள் அனுப்பி நான் சொல்லச் சொன்னது இது. யாராவது தட்டினால் "யாரு" என்று மட்டும் கேளுங்கள். தமிழிலும் அதுதான், கன்னடத்திலும் அதுதான். அடுத்த வார்த்தை பேசினால் நீங்கள் தமிழரென்று தெரிந்துவிடும். இன்னொன்றும் சொல்லியனுப்பினேன்: என் குரலே கேட்டாலும் திறக்காதீர்கள், கழுத்தில் கத்தி வைத்து என்னைக் கூப்பிட வைத்திருப்பார்கள்.

கலாட்டா முடிந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. பாதி வீட்டில் ஆட்களே மாறிவிட்டார்கள்.

பதினோராவது வீடு, துமகூரிலிருந்து போன வருஷம் குடிவந்த கன்னடக் குடும்பம். அவர்களுக்கு ஒளிய வேண்டிய அவசியம் என்ன? தட்டினாள்.

"யாரு?"

அதோடு சரி. அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். "இவங்க எதுக்கு அங்கிள் பயப்படணும்?" நான் அடுத்த வாசலுக்கு நடந்தேன். பதினெட்டும் இப்படியே முடிந்தது.

பன்னிரண்டரைக்குக் குழாயில் தண்ணீர் விட்டார்கள். எல்லாக் கதவும் திறந்தன. குடத்தோடு வந்த பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஐயோ பாவம், வெயில்ல நிக்கிறியே கண்ணு. உள்ள வந்திருக்கலாம்ல?"

"தட்டினேனே ஆன்ட்டி. நீங்க கூட யாருன்னு கேட்டீங்க."

"நானா? ஒருத்தரும் தட்டலையே." அந்தம்மா பொய் சொல்கிறவள் இல்லை. அடுத்தவளும் அதையே சொன்னாள். துமகூர்க்காரி, "யாரூ பர்லில்லா" என்று கையை விரித்தாள். யாரும் வரவேயில்லையாம்.

குழாயடியிலேயே உட்கார்ந்து பதினெட்டுப் படிவத்தையும் நிரப்பினாள். அவள் வருஷம் பிழைத்தது. கடைசியில் பேனாவை மூடாமல் கேட்டாள்: "பதினெட்டு வீட்டுக்கும் பொதுவா இருக்கிறது இந்த 'யாரு' ஒண்ணுதான் அங்கிள். யார் பழக்கினாங்க?"

"நான்தாம்மா" என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பெண்கள் பக்கம் திரும்பினாள். "மேஸ்திரிதான் சொல்லிக் கொடுத்தாரா?"

குழாயடி முழுக்கச் சிரிப்பு. "என்னத்த சொல்லிக் கொடுத்தாரு? தளம் போட்டாரு, குழா போட்டாரு, ஒத்துக்கறோம். கதவு தட்டினா என்ன பேசறதுன்னு கூடவா?"

"கலாட்டா அன்னைக்கு சொன்னேனே, நெனப்பில்ல?" என்று முதல் வீட்டு வயதான அம்மாவைப் பார்த்துக் கேட்டேன். அன்று முதலில் சொல்லியனுப்பியது அவள் வீட்டுக்குத்தான். அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு, அறியாத ஆளிடம் கேட்பதுபோல, அதே இழுப்பில், "யாரு?" என்றாள்.