சிவப்பு விழுந்த பெயர்கள்

ஆட்களைச் சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள் நான். ஹம்பேர்க்கில் சில முதியோர் இல்லங்களை நடத்தும் நிறுவனம் எங்களுடையது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், பொருள் தருகிறவர்கள் எல்லாருடைய பெயரையும், பயங்கரவாதிகள் என்று சந்தேகப்படுகிறவர்களின் பெயர்கள் உள்ள அரசாங்கத் தடைப்பட்டியல்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். சான்றிதழ்களையும் விசாரிப்பேன். நீளமான பெயரை டெலிபோனில் எழுத்தெழுத்தாகச் சொல்லிக் களைத்த உங்களுக்கு என் பாடு உடனே விளங்கும்.

பெயர்ப் பொருத்தம்

அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்த கையோடு தாதி வேலைக்கு வந்தவர் ரமணன். பெயரைப் போட்டதும் கணினியில் சிவப்பு விழுந்தது. பட்டியலில் இருந்த யாரோ ஒருவருக்கும் முதற்பெயர், குடும்பப்பெயர் இரண்டும் அப்படியே. சிவப்பு நீங்கும்வரை ஆளை முதியவர்கள் இருக்கும் மாடிக்கு விட ஏலாது. அவரோ முதல்நாள் சீருடையோடு என் முன்னால் நிற்கிறார்.

"அக்கா, நான் பள்ளிக்கூடத்திலகூட ஒருத்தரோடயும் சண்டை பிடிச்சதில்லை" என்றார். பிறந்த திகதியையும் ஊரையும் கேட்டு எழுதினேன். பட்டியலில் இருந்தவர் இவருடைய அப்பாவைவிட மூத்தவர். மேலதிகாரி கையெழுத்து வைக்க, மதியத்துக்குள் பச்சை வந்தது. ஊழியர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே ரமணன் சொன்னார்: "அந்த ஆளை எங்கயும் கண்டா, பெயரை மாத்தச் சொல்லுங்கோ அக்கா."

சக்கர நாற்காலிக்காரர்

எங்கள் சக்கர நாற்காலிகளைத் திருத்தித் தருகிறவர் ஹெர் லோரென்சன். பிறந்த திகதி கேட்டு நான் போட்ட மின்னஞ்சலைப் பார்த்துவிட்டு நேரே வந்து, அடையாள அட்டையை மேசையில் அடித்து வைத்தார். "என்னைப் பயங்கரவாதி என்று நினைத்தீர்களா?" கோப்பி கொடுத்தேன். முதலாளி அம்மாவின் பெயரையும் என் பெயரையும்கூட இப்படித்தான் பார்க்கிறோம் என்றேன். கோப்பியைக் குடித்து முடித்த பிறகு கேட்டார்: "அது சரி, உங்களில் யாராவது மாட்டினீர்களா?"

மிச்ச சூப்

மார்க்குஸ் தாதி வேலைக்கு வந்து சில வாரங்கள்தான். இரண்டாம் மாடியில் எல்லாருக்கும் அவரைப் பிடித்துப்போயிற்று. தாதிச் சான்றிதழின் பிரதியை மட்டும் தந்திருந்தார். அசல் வீடு மாறியதில் எங்கோ போய்விட்டது என்றார். அதைக் கொடுத்த அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். தாதி வேலைக்கான அவருடைய அனுமதி திரும்பப் பெறப்பட்டது என்று பதில் வந்தது. வேறொருவராக இருக்கக்கூடாதா என்று பிறந்த திகதியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவரேதான்.

மேலதிகாரியோடு மாடிக்குப் போனேன். மார்க்குஸ் ஒரு மூதாட்டிக்குச் சூப் ஊட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் அவருக்கு விளங்கிவிட்டது. மூதாட்டியின் வாயைத் துடைத்துவிட்டு, கரண்டியை வைத்துவிட்டு, அட்டையைத் தானே கழற்றி என் கையில் தந்தார். மேலதிகாரி அவரைக் கீழே கூட்டிக்கொண்டு போன பிறகு, அந்தக் கதிரையில் நான் உட்கார்ந்து கரண்டியை எடுத்தேன். மூதாட்டி வாயை இறுக்கி மூடிக்கொண்டார். பிறகு சொன்னார்: "நீங்கள் வேண்டாம். அவனைக் கூப்பிடுங்கள், அவன்தான் ஊதித் தருவான்."

இத்தனை பேரின் பிறந்த திகதியைத் தெரிந்து வைத்திருந்தும், ஒருவரும் பிறந்தநாளுக்குக் கூப்பிடாத உத்தியோகம் என்னுடையது.