கல்யாணக் குதிரைக்கு ஒரு ஜீன்

என் கணவர் எனக்கு விட்டுப்போன சொத்து ஒரு வெள்ளைப் பெண் குதிரை. எண்பதுகளில் தாராவியில் அதற்கு நல்ல மவுசு. மாட்டுங்காவின் குஜராத்திக் கல்யாணம், செம்பூரின் பஞ்சாபிக் கல்யாணம், எதுவானாலும் மாப்பிள்ளை பெண் குதிரை மேல்தான் ஊர்வலம் வரவேண்டும். அந்தச் சவாரிகளில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

அவர் மவுத்தான பிறகு நான் இத்தா இருந்தேன். கணவனை இழந்தவள் அந்த மாதங்களில் வாசல் தாண்டக்கூடாது. தாண்டச் சொல்லியிருந்தாலும் எங்கே போயிருப்பேன் என்று தெரியவில்லை. அழவும் இல்லை. வரவில்லை, அவ்வளவுதான். குழாயடியில் அதற்கும் ஒரு பேச்சு கிளம்பியது. பக்கத்து அறையில் இருந்த அவருடைய அக்கா, எனக்கு மைனி, என் காதுபடவே சொன்னார்: "கல்லு நெஞ்சுக்காரி. ஒரு சொட்டு கண்ணீர் வருதா பாரு."

மைனி வீட்டிலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் எனக்கு ரொட்டி வந்துகொண்டே இருந்தது. தொண்டையில் இறங்கவில்லை. குதிரை ஜன்னலுக்கு வெளியேதான் கட்டிக்கிடக்கும். தட்டை அப்படியே நீட்டிவிடுவேன். அதற்கும் வேலை இல்லை. நின்ற இடத்திலேயே தின்றது.

இத்தா முடியவும் கல்யாண சீசன் தொடங்கவும் சரியாக இருந்தது. பழைய ஜீனைப் போட்டேன். பம்பாயில் சேணத்தை ஜீன் என்றுதான் சொல்வோம். குதிரை காதை மடக்கிக்கொண்டு விலகியது. உறுத்துகிறது போலும் என்று அடியில் ஒரு கம்பளியை மடித்துப் போட்டேன். கடிக்க வந்தது. இன்னொரு கம்பளி போட்டேன். பத்தாத செருப்புக்குள் துணியைத் திணித்த கதைதான். துக்கத்துக்கு வந்த ரொட்டியெல்லாம் அதன் முதுகில் சதையாக ஏறி உட்கார்ந்திருப்பது எனக்கு உறைக்கவில்லை.

மைனி முடிவாகச் சொல்லிவிட்டார். "மாப்பிள்ளைய ஏத்த முடியாத குதிரைக்குத் தீனி எதுக்கு? நல்ல ஜீனா ஒண்ணு பாப்போம். அதுவும் சரிப்படலன்னா பீச்சுல சவாரி விடுறவன்ட்ட வித்துருவோம்."

பீச்சில் குதிரைகள் என்ன பாடு படும் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். எனக்குக் கோபம்கூட வரவில்லை. இது போய்விட்டால், அவர் கையால் தீனி வாங்கித் தின்ற ஜீவன் வேறெதுவும் வீட்டில் இருக்காது. அது மட்டும் மங்கலாகத் தெரிந்தது. குதிரையை அவிழ்த்துக்கொண்டு மைனி பின்னால் நடந்தேன்.

தோல் பட்டறை வைத்திருந்தவர் எங்கள் ஜில்லாக்காரர். அண்ணன் முறைக்கு, காக்கா என்று கூப்பிடுவோம். கண்ணாடியும் ஜரிகையும் வைத்த ஒரு சிவப்பு வெல்வெட் ஜீனை மைனி தொட்டுப் பார்த்தார். மெத்தென்று இருந்தது. "மாப்பிள்ளைமாரு சொகமா உக்காருவாஹ" என்றார் காக்கா. வியாபாரி வேறென்ன சொல்வார்? ஆனாலும் பாரம் ஏற்றி நடத்திப் பார்க்காமல் அவர் ஜீன் கொடுத்ததில்லை. யார் ஏறுவது என்று மூவரும் நின்றோம். நான் ஏறினேன்.

"ஏட்டி, மாப்பிள்ளை உக்கார்ற எடத்துல அறுத்தவ உக்காரலாமா?" என்று மைனி பதறினார்.

"குதிரைக்கு அது தெரியாது மைனி" என்றேன்.

காக்கா கயிற்றைப் பிடித்துக்கொள்ள, தொண்ணூறடி ரோட்டில் உச்சிவெயிலில் போய்த் திரும்பினோம். ஜனம் வேடிக்கை பார்த்தது. எனக்கு வெட்கமும் வரவில்லை. உட்கார்ந்தவளுக்கு ஜீன் சுகமாகத்தான் இருந்தது. இறங்கியதும் காக்கா அதைத் தூக்கினார். முதுகு வியர்வையில் நனைந்து கிடந்தது. பிடரி முடியும் இடத்தில் மட்டும், இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்குக் காய்ந்திருந்தது.

"பாருங்க, அந்த எடம் நல்லா இருக்கு. வேர்க்கவே இல்ல" என்றார் மைனி.

"இல்லம்மா, அங்கதான் போட்டு அமுக்குது. அமுக்குற எடத்துல வேர்வை வராது. ஈரமா இருக்க எடத்துக்கு ஒண்ணுமில்ல. காஞ்ச எடத்துலதான் வலி."

சொல்லிக்கொண்டே காக்கா அங்கே விரலை வைத்தார். குதிரை உடம்பெல்லாம் சிலிர்த்து நகர்ந்தது.

மைனி குதிரையைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜீனின் ஜரிகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூலையில் கிடந்த அகலமான ஜீன் ஒன்றைக் காக்கா இழுத்துப் போட்டார். பார்க்க லட்சணமில்லாத பழுப்புத் தோல். "கண்ணாடிய பொறவு தச்சுக்கிடலாம்" என்று மைனியே சொன்னார். குதிரையைத் துடைத்து, ஆறவிட்டு, மறுபடி ஏறினேன். மறுபடி அதே ரோடு, அதே வேடிக்கை. இந்த முறை ஜீன் இருந்த இடம் முழுக்க ஒரே ஈரம். குதிரை எங்களோடு வீட்டுக்கு வந்தது.

அன்று சாயங்காலம் மைனி ரொட்டித் தட்டோடு வந்தார். எப்போதும் வைத்துவிட்டுப் போய்விடுபவர், அன்றைக்கு ஜன்னலை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இதையும் அதுக்குக் குடுத்தீன்னா புது ஜீனும் பத்தாமப் போயிரும். நீ தின்னு."

தட்டு காலியாகும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. எனக்கு ருசி ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் தின்றேன்.