தெற்குச் சுவரில் ஒரு குரல்

சுங்கை பூலோ வீட்டில் மகள் வேலை நேர்காணலுக்குக் கிளம்பும்போது தெற்குச் சுவரில் பல்லி கத்தியது. போகாதே என்று சொல்ல வாயெடுத்தேன். அக்காவின் முகம் நினைவில் வந்து நின்றது.

சிறுவயதில் ஜெஞ்சாரோமில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் காடு. தொக்கே என்கிற பெரிய காட்டுப்பல்லி பகலெல்லாம் மரப்பொந்தில் கிடக்கும். இருட்டியதும் விளக்கைச் சுற்றும் பூச்சிகளைத் தின்னச் சுவருக்கு வரும். சாம்பல் உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி.

அக்கா தாதிப் பயிற்சி நேர்காணலுக்குப் புறப்பட்ட விடியலில் அது தெற்கே கத்தியது. தெற்கே கேட்டால் ஆகாது. அவளைக் கூட்டிப்போகக் காலில் போட்ட சப்பாத்தை அப்பா கழற்றிவிட்டார்.

"சாமி வேணாங்குதும்மா."

பக்கத்து வீட்டு லோரிக்கார மாமா சிரித்தார். "அது பொண்டாட்டியக் கூப்பிடுது லா, ஒன் மகள இல்ல!"

அக்கா போகவேயில்லை. எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தே அவளுக்கு வயதாகிவிட்டது. இன்றைக்கும் அப்பாவைக் குறை சொன்னால் கோபப்படுவாள். அன்று பேசியது சாமியா, துணை தேடிய பல்லியா? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

"என்னம்மா?" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்ல. போயிட்டு வா."

அவள் போனதும் சாமி படத்தின் முன் நின்று மன்னிப்புக் கேட்டேன். எதற்கென்று எனக்கே தெரியவில்லை.