வலி தெரியாதவளின் பிரசவ வகுப்பு

மருத்துவமனை நடைவழியில் பெஞ்சுகளைப் போட்டுத்தான் பிரசவ வகுப்பு நடந்தது. "வலி வந்தா பயப்படக் கூடாது. மூச்ச நல்லா இழுத்து வுடணும்," என்றார் செவிலியர். சக்கர நாற்காலியில் இருந்த நான் கையைத் தூக்கினேன். "எனக்கு வயித்துலேந்து கீழ எதுவுமே தெரியாதுங்க. வலி வந்தா எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"தாய்க்குத் தெரியாம போகுமாங்க," என்றார். எல்லாப் பெண்களும் மூச்சை இழுத்து விட்டார்கள். நானும் விட்டேன், எதற்கென்று புரியாமலே.

கல்யாணத்துக்கு முன்பே ஒரு விபத்தில் என் தண்டுவடம் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புக் கற்றை) நசுங்கிவிட்டது. அதிலிருந்து ஸ்பாசம் (கால் தசை தானாக இறுகி உதறுவது) வரும். மாத்திரையில் பல வருடம் அடங்கியிருந்தது. கர்ப்பமானதும் மருத்துவர் மாத்திரையின் அளவைக் குறைத்தார்.

அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். "அடிக்கடி வயித்துல கை வெச்சுப் பாருங்க. இறுகி, தளர்ந்து, மறுபடி இறுகினா உடனே வந்துடுங்க." வைத்துப் பார்த்தேன். குழந்தையின் முதுகும் இறுக்கமாகத்தான் இருந்தது. எது எதுவென்று புரியாமல் எரிச்சலாக வந்தது.

ஒன்பதாம் மாதம், பௌர்ணமி மாலை. எங்கள் வீடு கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறது. என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், என் கால்களுக்காகப் பௌர்ணமிதோறும் மலையைச் சுற்றுகிறவர். அன்றும் கிளம்பிக்கொண்டிருந்தார். அப்போது என் கால்கள் உதறின. நின்றன. மறுபடி உதறின.

என் கால் அசைந்து பார்த்தே இராத அத்தை அப்படியே உட்கார்ந்துவிட்டார். "காலு ஆடுதும்மா. அண்ணாமலையாரு கண்ண தொறந்துட்டாரு." திருநீற்றை எடுத்து என் முழங்காலில் பூசினார். அவருக்குக் கண்ணீர் நிற்கவில்லை.

ஸ்பாசம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் அழுததைப் பார்த்ததும், ஒருவேளை இருக்குமோ என்று எனக்கும் ஆசை வந்துவிட்டது. பெருவிரலை மடக்கப் பார்த்தேன். மடங்கவில்லை. கால் தன் பாட்டுக்கு உதறி, தன் பாட்டுக்கு நின்றது. அப்போதுதான் வயிற்றில் கை வைத்தேன். கால் உதறும்போதெல்லாம் வயிறும் இறுகியது.

"அத்த, இது காலு இல்ல. கொழந்த."

பௌர்ணமி என்பதால் பாதையில் ஆட்டோ விடவில்லை. என் கணவர் நாற்காலியைத் தள்ள, அத்தை முன்னால் "வழி வுடுங்க சாமி" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு எதிர்த்திசையில் நடந்தார். அன்று அவர் மலையைச் சுற்றவில்லை.

மருத்துவமனையில் ஆயுதம் (குழந்தையின் தலையைப் பிடித்து இழுக்கும் இடுக்கி) போட்டுத்தான் எடுத்தார்கள். மகள். அழுகைச் சத்தம் கேட்ட பிறகே பிறந்துவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன்.

"வலிக்காம பெத்துட்ட, குடுத்து வெச்சவ," என்கிறார்கள் பார்க்க வருகிறவர்கள். சிரிப்பதா அழுவதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. உங்களில் யாராவது என்னைப் போல இருந்தால், கால் உதறல், திடீர் வியர்வை, தலைவலி, எதையும் வழக்கமானதுதானே என்று விட்டுவிடாதீர்கள். வலி தெரியாத உடம்பு பிரசவத்தை இப்படியும் சொல்லும். வயிற்றில் கை வையுங்கள், மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

நேற்று அத்தை குழந்தைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு என் காலிலும் தேய்த்தார்.

"எதுனா தெரியுதா?"

"இல்ல அத்த."

பெருவிரல் ஒரு முறை துடித்தது. இருவரும் சட்டென்று என் வயிற்றைப் பார்த்தோம்.