மொய்தீன் முத்திரை குத்திய வார்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் தோல் பட்டறை வைத்திருந்த தீர்த்தகிரி, ஒரு வார் தேறும் தேறாது என்று சொல்லும் உரிமையை மொய்தீன் ஒருவருக்குத்தான் கொடுத்திருந்தார். மொய்தீன் கவலை இறைக்கும் சாலுக்குத் தோல் தைத்தே நரைத்தவர். மாடுகள் கிணற்றிலிருந்து இழுக்கிற அந்தத் தோல் பை நீரோடு அறுந்தால் மாட்டுக்கும் ஆபத்து, ஓட்டுகிறவனுக்கும் ஆபத்து. அதை நினைத்து நினைத்தே தைத்ததால், அவர் தைத்தது எதுவும் அறுந்ததாகப் பேச்சே இல்லை. இதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இல்லை என்றால் பொய்.

1943-இல் அந்தப் பட்டறைக்கு ஒரு ராணுவ ஆர்டர் வந்தது. யுத்த சாமான்களைச் சரிபார்க்கும் சுபேதார் கந்தவேல், ஆளுயரத்துக்கும் மேலான இரண்டு மரப்பலகைகளைக் கொண்டுவந்து நடுவில் கிடத்தினார். முனைகள் மேல்நோக்கி வளைந்திருந்தன.

"வடக்கே பனிமலையில இதக் கால்ல கட்டிக்கிட்டுத்தான் போவாங்க, பாய். ஏறும்போது குதிகால் மேல எழும்பணும். சறுக்கி இறங்கும்போது பலகையோட இறுகி நிக்கணும். ரெண்டையும் செய்யறது வாருதான்."

"அந்து போனா என்னாகுமுங்க?"

"பலகை ஒரு பக்கம் போகும். ஆளு பள்ளத்துக்குள்ள போவான்."

மொய்தீன் குனிந்து, பலகையில் கால் வைக்கிற இடத்தைக் கையால் அளந்து பார்த்தார்.

தோலைத் தேர்ந்தெடுக்கவே பத்து நாள் எடுத்துக்கொண்டார். ஆட்டுத்தோல் இழுத்த இழுப்புக்கு நீண்டது. பசுத்தோல் மடிப்பில் வெளுத்தது. எருமையின் முதுகுத்தோல்தான் நின்றது. அடுத்து எண்ணெய். சாலுக்குப் போடுகிற விளக்கெண்ணெய் பிசுபிசுத்தது, கொக்கியில் தூசியை அப்பியது. தேங்காய் எண்ணெய் ஊட்டிய வாரோ சொன்னபடி மடங்கியது, வாசமும் நன்றாக இருந்தது. பனிமலைக்குப் போகிற சாமான் கொஞ்சம் நாகரிகமாக இருக்கட்டும் என்று மனுஷர் அதையே முடிவு செய்தார்.

சோதனைக்கு அவருக்குத் தெரிந்தது ஒரே வழி. ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்துக் கிணற்றில், கவலை வடத்தின் நடுவில் வாரைக் கோத்து, நிறைந்த சாலோடு மாடுகளைச் சரிவில் இறங்க ஓட்டினார். பத்து வாருக்கு ஒன்று எடுத்து, அதற்கு இருபது நடை. புரட்டாசி வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு வாரும் அசையவில்லை. கூட நின்ற கந்தவேலும் தலையாட்டினார். தேறிய ஒவ்வொன்றிலும் மொய்தீன் தன் முத்திரையைக் குத்தினார். முதல் நாற்பது ஜோடி கார்த்திகையில் ரயிலேறின. மீதி இருநூறு ஜோடி மார்கழியில் போகவேண்டும்.

அந்த மார்கழியில் ஒரு காலை, அவர் மனைவி பஷீரா தலைக்கு வைக்கத் தேங்காய் எண்ணெய்ப் புட்டியை எடுத்துக் கவிழ்த்தாள். ஒரு சொட்டும் இறங்கவில்லை.

"ஏனுங்க, எண்ணெய் கட்டியாயிருச்சு. செத்த வெயில்ல வெச்சுட்டு வாரேன்."

வருஷா வருஷம் நடப்பதுதான். இந்த வருஷம் மொய்தீன் அந்தப் புட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சேலத்துக் குளிருக்கே இப்படி உறைகிற எண்ணெய், பனிமலையில் என்ன ஆகும்?

தேநீர்கூடக் குடிக்காமல் மூன்று வார்களைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ரயிலடிப் பக்கத்து ஐஸ் கிடங்குக்கு ஓடினார். நொறுக்கிய ஐஸில் உப்பைக் கொட்டி, வார்களைப் புதைத்துவிட்டு இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். முதல் வாரை எடுத்து மடக்கினார். படக்கென்று ஒடிந்தது. இரண்டாவதில் குறுக்கே வெடிப்பு ஓடியது. மூன்றாவதைத் தொடவே பயந்தார்.

தீர்த்தகிரி ஒடிந்த துண்டுகளைப் பார்த்ததும் பட்டறைக் கதவைச் சாத்தினார்.

"பாய், இது யுத்த சாமான். தெரிஞ்சே வஞ்சகம் பண்ணோம்னு சொல்லிப் பிடிச்சுட்டுப் போயிருவாங்க. வாயத் தொறக்காதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த வருஷங்களில் அதைவிடச் சின்னக் காரியத்துக்கே ஆட்கள் உள்ளே போயிருந்தார்கள். மொய்தீன் வீடுவரை நடந்தார், வாசலிலிருந்தே திரும்பினார். ஜெயிலை நினைத்தால் கால் பின்னுக்கு இழுத்தது. பள்ளத்தை நினைத்தால் முன்னுக்குத் தள்ளியது. கந்தவேல் தங்கியிருந்த சத்திரத்தை அடைந்தபோது சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது.

எல்லாவற்றையும் கேட்ட கந்தவேல், "உங்க முதலாளி சொல்லித்தான் வந்தீங்களா?" என்றார்.

"இல்லீங்க. நானாத்தான் வந்தேனுங்க. எண்ணெய மாத்துனவன் நானுங்க."

கந்தவேல் ஒடிந்த துண்டைக் கையில் வாங்கினார். "நானும் வெயில்ல நின்னு தலையாட்டினேனே, பாய். பனியில ரெண்டு வருஷம் இருந்தவன் நான்," என்றவர், அனுப்பிய நாற்பது ஜோடியையும் கட்டாமல் திருப்பி அனுப்பச் சொல்லித் தந்தியடிக்க எழுந்து போனார்.

யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை. இருநூறு ஜோடியும் நிறுத்தப்பட்டு, தோல் மாற்றி விளக்கெண்ணெய் ஊட்டி, ஐஸிலும் உப்பிலும் புதைத்துச் சோதித்த பிறகே போயின. கண்டுபிடித்துச் சொன்னதற்காகக் கந்தவேல் மேலிடத்துக்கு நல்லபடியாக எழுதினார். தீர்த்தகிரி கைகூப்பினார். மொய்தீனோ முதல் நாற்பது ஜோடியைப் பற்றி மட்டும் தினமும் விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் அவற்றைத் திருப்பி அனுப்பிய பெட்டி வந்தது. மொய்தீனே எண்ணினார். முப்பத்தாறு ஜோடி. மறுபடி எண்ணினார்.

"தந்தி போறதுக்கு முன்னாலயே நாலு பேரு கட்டிக்கிட்டுக் கெளம்பிட்டாங்களாம்," என்றார் கந்தவேல்.

"வந்து சேந்துட்டாங்களா?"

"எழுதலை."

சில மாதங்களில் கந்தவேலையும் வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். யுத்தம் முடிந்து சிப்பாய்கள் ஊர் திரும்பும் ரயில்கள் வரத் தொடங்கியதும், மொய்தீன் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் போய் நிற்கத் தொடங்கினார். இறங்குகிறவர்களின் கால்களைப் பார்ப்பார். கம்பளிக் கோட்டுக்காரர் யாராவது வந்தால் இரண்டடி எடுத்து வைப்பார். பிறகு ஒதுங்கிக்கொள்வார். ஒருநாள் பஷீராவும் கூட வந்தாள். வடக்கேயிருந்து வந்த ஒருவன் அவர்கள் பக்கத்திலேயே மூட்டையை இறக்கி வைத்துவிட்டு பீடி பற்றவைத்தான்.

"பக்கத்துலயே நிக்கறாருங்களே, போய்க் கேளுங்க," என்றாள் பஷீரா.

மொய்தீன் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டா சொல்லிப்போடுவானே, பஷீரா."